நாலாம் மாடி லினன் ரூம்

நாலாம் மாடி நடையில், லிஃப்டுக்கு எதிரே சுவரில் முதுகைச் சாய்த்து, தரையில் காலை நீட்டி உட்கார்ந்து ஆபரேட்டர் காத்துக்கொண்டிருந்தாள். மடியில் லேப்டாப். தலைக்கு மேலே கூரையில் ஒட்டியிருந்த வெள்ளை நிற வைஃபை டப்பா அணைந்து, திரும்பவும் உயிர்பெற்றுக்கொண்டிருந்தது. அதன் விளக்கு பச்சையாகிற வரைக்கும் அவளுக்குச் செய்ய ஒன்றுமில்லை.

அந்த ஹோட்டலில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சை மூடி, போர்டைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டு எத்தனையோ வருஷமாகிவிட்டது. இருந்தும் சமையல்காரரிலிருந்து வாசல் காவலாளி வரை அவளை ஆபரேட்டர் என்றே கூப்பிட்டார்கள். போர்டு போனபின் அவளைக் கம்ப்யூட்டர் அறையில் கொண்டுபோய் உட்காரவைத்தார்கள். அங்கே வயர் இழுத்து, திட்டு வாங்கி, இரவல் புத்தகம் படித்து, தட்டுத்தடுமாறி நெட்வொர்க் வேலையைக் கற்றுக்கொண்டாள். இப்போது அதையும் ஒப்பந்தக்காரர் மூலமாகத்தான் பார்க்கிறாள். வருஷா வருஷம் புதுப்பித்தால் வேலை உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

நடையின் கோடியிலிருந்து அழுக்குத் துணி மூட்டை ஒன்று தானாக நகர்ந்து வந்தது. கிட்டே வந்த பிறகுதான் மூட்டைக்குக் கீழே டிராலியும், டிராலிக்குப் பின்னால் பெரியக்காவும் இருப்பது தெரிந்தது. ஹவுஸ்கீப்பிங்கில் எல்லாருக்கும் மூத்தவள் அவள்தான்.

"என்னடி, தொட்டில் ஆட்டறவ மாதிரி அண்ணாந்து பாத்துக்கிட்டு உக்காந்திருக்கே?"

"டப்பா முழிக்கணும் அக்கா. அது முழிக்கிறவரைக்கும் எனக்கு லீவு."

"குடுத்து வச்சவ. எனக்கு எந்த டப்பா லீவு குடுக்கப் போகுது?"

பெரியக்கா டிராலியின் கைப்பிடியில் இரண்டு முழங்கைகளையும் ஊன்றி, ஒரு காலைத் தூக்கி மறுகாலின் மேல் தேய்த்துக்கொண்டாள். முழங்காலுக்குக் கீழே துணிப்பட்டை சுற்றியிருந்தது. பட்டைக்குள்ளே நரம்புகள் சுருண்டு புடைத்திருப்பதை ஆபரேட்டர் பார்த்திருக்கிறாள். நின்று செய்கிற வேலையை விட்டுவிடச் சொல்லியிருந்தார் டாக்டர். அவள் பங்குக்குப் பெரியக்காவும் டாக்டரிடம் ஒன்று கேட்டாளாம், படுத்துக்கொண்டே படுக்கை விரிக்கிற வேலை எங்கேயாவது இருக்கிறதா என்று. ஹோட்டலுக்குப் பின்னால் ஊழியர் குடியிருப்பில் ஓர் அறையில் அவள் தனியாக இருந்தாள். வேலை இருக்கிறவரைதான் அந்த அறை. வேலை போனால் மறுவாரமே காலி செய்ய வேண்டும்.

அதனால் அவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. காலைப் பங்கு அறைகளை முடித்ததும், துண்டும் விரிப்பும் அடுக்கிவைக்கிற நாலாம் மாடி லினன் ரூமுக்குள் போவாள். அலமாரிகளுக்கு நடுவே கம்பளியை விரித்து மல்லாந்து படுத்து, இரண்டு கால்களையும் சுவரில் உயர்த்திச் சாய்த்துவைப்பாள். கொஞ்ச நேரத்தில் காலில் தேங்கிய ரத்தம் இறங்கும். பிறகு எழுந்து மிச்ச அறைகளுக்குப் போவாள். அந்தக் கொஞ்ச நேரம் இல்லாவிட்டால் மத்தியானத்துக்கு மேல் அவளால் நிற்க முடியாது.

"சரி, நான் போய்க் காலைக் காயப்போட்டுட்டு வரேன்," என்று சொல்லிவிட்டுப் பெரியக்கா டிராலியைத் தள்ளிக்கொண்டு போனாள். ஆபரேட்டர் பதிலுக்குச் சிரித்தாள், ஆனால் சிரிப்பு உதட்டோடு நின்றுவிட்டது. அவள் அங்கே உட்கார்ந்து தேடுகிற காரணம் மேனேஜருக்குத் தெரிந்தால் அந்தக் காயப்போடுதலுக்கு உலைதான். அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் விழுங்கிவிட்டாள்.

எல்லாம் ஒரு பக்கெட்டில் ஆரம்பித்தது. கம்பெனி, அறை சுத்தம் செய்கிற ஒவ்வொருத்தியின் கழுத்திலும் ஒரு போனை மாட்டிவிட்டிருந்தது. எந்த அறை காலியாயிற்று, எந்த அறைக்குத் துண்டு வேண்டும் என்பதெல்லாம் அதில் வரும். போட்டிருப்பவள் வேலையில் இருக்கிறாளா இல்லையா என்பது மேனேஜரின் திரையில் பச்சையாகவோ சிவப்பாகவோ விழும். போன வாரம் மூன்றாம் மாடிப் பெண் குனிந்து தரை துடைக்கும்போது போன் நழுவிச் சோப்புத் தண்ணீருக்குள் விழுந்துவிட்டது. எடுத்துத் துடைத்து, பயந்துபோய் இடுப்பில் செருகிக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் இருந்தாள். சாயங்காலம் ஒப்படைக்கும்போது போனிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அப்போதும் மேனேஜரின் திரையில் அந்த போன் 'இருக்கிறது' என்று பச்சையாகத்தான் இருந்தது. மேனேஜர் முதலில் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு யோசிக்க ஆரம்பித்தார்.

இப்போது அவரே லிஃப்டிலிருந்து இறங்கி வந்தார். மூன்று ஹோட்டல்களுக்கு ஒரே மேனேஜர், சின்ன வயசு, எதற்கெடுத்தாலும் 'சிம்பிள்' என்று சொல்கிறவர். குரலை உயர்த்தி யாரையும் பேசியதில்லை.

"காரணம் கிடைச்சுதா மேடம்?"

ஆபரேட்டர் எழுந்து நின்று விளக்கினாள். கீழே சர்வரில் இருக்கிற புரோகிராம் சும்மா இருக்காது. ஒவ்வொரு போனின் எண்ணையும் சொல்லி, இந்த எண் யாரிடம், இந்த எண் யாரிடம் என்று நாள் பூராவும் கூவிக்கொண்டே இருக்கும். என்னிடம் என்று பதில் வந்தால் ஆள் இருக்கிறாள் என்று அர்த்தம். அந்தக் கேள்வி பதிலுக்கு நெட்வொர்க்குக்காரர்கள் ஏ.ஆர்.பி. என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஆனால் போன் என்பது பேட்டரியை மிச்சம் பிடிக்க அடிக்கடி தூங்குகிற சாமான். ஒவ்வொரு கேள்விக்கும் அதை எழுப்பினால் பேட்டரி தாங்காது. அதற்காக வைஃபை டப்பாவில் ஒரு வசதி உண்டு. தன்னோடு ஒட்டியிருக்கும் போன்களின் எண்களை டப்பாவே ஞாபகம் வைத்துக்கொண்டு, கேள்வி வந்தால் போனை எழுப்பாமல் தானே பதில் சொல்லிவிடும். போன் செத்திருந்தாலும், சிக்னல் எட்டாத இடத்தில் இருந்தாலும், தூங்குகிறது என்றே அது நினைத்துக்கொள்ளும். டப்பாக்களை மாட்டிய காலத்தில் ஆபரேட்டர்தான் அதை ஆன் செய்து வைத்தாள். மேனேஜர் பொறுமையாகக் கேட்டார்.

"அப்போ போன் பதில் சொல்லலை. அதுக்குப் பதிலா டப்பா சொல்லுது."

"ஆமா சார். போன் தூங்கும்போது டப்பா சொல்லும்."

"ஆள் தூங்கினாலும் சொல்லும்."

"அதுக்கு போனைத்தான் சார் தெரியும். ஆளைத் தெரியாது."

"சிம்பிள். அதை நிறுத்திடுங்க. அந்தந்த போனே பதில் சொல்லட்டும்."

"நிறுத்தினா பேட்டரி சாயங்காலம் வரைக்கும் நிக்காது சார். அதுவுமில்லாம சில இடத்துல சிக்னல் போய்ச் சேராது. லினன் ரூம் பூரா இரும்பு அலமாரி, ஈரத் துணி. அங்க நின்னு துணி எடுக்கறவங்களுக்குக்கூட 'இல்லை'ன்னு சிவப்பு விழும்."

"கெஸ்ட் ரூம்ல சிக்னல் இருக்கில்ல?"

"இருக்கு சார்."

"அவங்க வேலை அங்கதானே மேடம்? அங்க இருக்கறவங்க எதுக்குப் பயப்படணும்?"

இதற்கு ஆபரேட்டரிடம் பதில் இருந்தது. ஆனால் அது பெரியக்காவின் காலைப் பற்றிய பதில். சொன்னால் காட்டிக்கொடுத்ததாகிவிடும். நாளைக்குச் செய்கிறேன் என்று இழுத்துப் பார்த்தாள். "இப்பவே முடிச்சிடுங்க, நான் பாத்துட்டே போறேன்," என்றார் மேனேஜர். அதற்குள் டப்பாவின் விளக்கு பச்சையாகிவிட்டது. திரையில் அந்தப் பக்கம் திறந்தது. டிக் போட்டிருந்த சின்னக் கட்டத்துக்கு மேல் விரலை வைத்தவள் அப்படியே நின்றாள்.

அந்தக் காலத்து எக்ஸ்சேஞ்ச் அறைக்கு ஜன்னல் கிடையாது. ரிசப்ஷனுக்குப் பின்னால் ஒரு பலகைத் தடுப்பு, ஒரு நாற்காலி, ஒரு மின்விசிறி, சுவரை அடைத்துக்கொண்டு போர்டு. அதில் வயர் செருகும் துளைகளுக்குக் கீழே ஒட்டியிருந்த சீட்டுகளெல்லாம் அவள் கையெழுத்து. எந்தத் துளை சலவை, எந்தத் துளை சமையலறை, எது எந்த மாடி லினன் ரூம் என்று குண்டு குண்டாக எழுதியிருப்பாள். மை கொஞ்சம் மங்கினாலும் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதி ஒட்டினால்தான் அவளுக்குச் சோறு இறங்கும். விட்டால் மின்விசிறிக்கும் 'மின்விசிறி' என்று எழுதி ஒட்டிவிடுவாள் என்று கிண்டல் செய்வார்கள்.

மத்தியானத்தில் விருந்தாளிகள் ஓய்ந்திருக்கும் நேரம் ஒன்று வரும். அப்போது எல்லா மாடி லினன் ரூம்களையும் ஒன்றோடு ஒன்று இணைத்துவிடுவாள். ஒவ்வொரு மாடியிலும் ஒருத்தி ரிசீவரைக் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, துண்டு மடித்தபடியே பேச்சில் சேர்ந்துகொள்வாள். மாமியாரைத் திட்டுவார்கள், விருந்தாளிகள் விட்டுப்போன சாமான்களைச் சொல்லிச் சிரிப்பார்கள். ஒருத்தி பாட ஆரம்பித்தால் மற்ற மாடிகளிலிருந்து மூக்கால் முனகல் வரும். காலையிலிருந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காதவர்கள், ஒரே பாயில் உட்கார்ந்திருப்பது போலப் பேசுவார்கள். கீழே போர்டின் முன்னால் காதில் ஹெட்போனோடு ஆபரேட்டர் தனியாகச் சிரித்துக்கொண்டிருப்பாள். அதைவிடச் சந்தோஷமான காலம் அவளுக்குப் பிறகு வாய்க்கவேயில்லை.

மகள் பிறந்ததும் அந்தக் காலத்தில்தான். விடுப்பு முடிந்துவிட்டது, வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள நாதியில்லை. துணிக்கூடையில் படுக்கவைத்து, மேலே துண்டைப் போட்டு மூடி, பின்வாசல் வழியாகக் கொண்டுவந்து பெரியக்காவிடம் கொடுத்தாள். சலவையிலிருந்து சூடாக வந்த துண்டுகளுக்கு நடுவே பெரியக்கா குழந்தையைப் படுக்கவைத்துப் பார்த்துக்கொண்டாள். குழந்தை பசியில் அழுதால் லினன் ரூமிலிருந்து போர்டுக்கு ஒரே ஒரு மணி வரும். ரிசப்ஷன்காரரைப் போர்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ஆபரேட்டர் மாடிப்படிகளில் ஓடுவாள். குழந்தை தவழத் தொடங்குகிறவரை இப்படியே ஓடியது.

அப்போது இருந்த ஹவுஸ்கீப்பிங் தலைவர் சந்தேகப் பிராணி. அடிக்கடி போர்டைக் கூப்பிட்டு, "நாலாம் மாடி எங்கே போனா?" என்று கத்துவார். ஆபரேட்டர் கண்ணிமைக்காமல் சொல்வாள், "இப்பதான் சார் பேசினாங்க. நானூத்திப் பன்னெண்டுல குளியலறை கழுவிக்கிட்டிருக்காங்க. என்ன சொல்லணும்?" பெரியக்கா மட்டுமில்லை, ஒருத்தி தலைவலியில் சுருண்டு கிடப்பாள், இன்னொருத்தி பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளையைக் கூப்பிடப் போயிருப்பாள். எல்லாருக்கும் அவள் பதில் வைத்திருந்தாள். அந்தப் பொய்களை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்கு மனசு நிறைந்துவிடும்.

"மேடம்?" என்றார் மேனேஜர்.

ஆபரேட்டர் டிக்கை எடுத்தாள். சேமி என்பதை அழுத்தினாள். வரப்போகிற மாதம் அவளுடைய ஒப்பந்தமும் புதுப்பிக்க வேண்டியிருந்தது.

மறுநாளிலிருந்து பெண்களின் பாடு திண்டாட்டமாகிவிட்டது. போன்கள் தூங்காமல் விழித்திருந்து சூடேறின. மத்தியானத்திலேயே பேட்டரி படுத்துவிட்டது. ஆளுக்கொரு சார்ஜர் வயரை டிராலியில் தொங்கவிட்டுக்கொண்டு அறைக்கு அறை செருகினார்கள். குளியலறைக் கதவை மூடினால் சிக்னல் போகுமோ என்று திறந்துபோட்டே கழுவினார்கள். பாதியில் நடைக்கு ஓடிவந்து டப்பாவுக்குக் கீழே போனைத் தூக்கிப் பிடித்துவிட்டுப் போவதற்கு, "டப்பாவுக்கு முகம் காட்டிட்டு வரேன்" என்று பெயர் வைத்தார்கள். அப்படியும் திரையில் எல்லார் வரிசையிலும் சிவப்பு விழுந்தது. சிவப்பு விழுந்தவர்களை மேனேஜர் கூப்பிட்டு, சிரித்த முகத்தோடு எச்சரித்தார்.

பெரியக்கா லினன் ரூமில் போய்ப் படுப்பதை நிறுத்திவிட்டாள். ஒருநாள் விருந்தாளி அறையிலேயே கதவைச் சாத்திக்கொண்டு குளியல் தொட்டியின் விளிம்பில் காலை உயர்த்திவைத்துப் பார்த்தாள். மறந்துவிட்ட கண்ணாடியை எடுக்கத் திரும்பிவந்த விருந்தாளி பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். அதோடு அதுவும் நின்றது. அடுத்த நாள் மத்தியானம் ஆபரேட்டர் மாடிப்படியில் ஏறி வரும்போது, பெரியக்கா கடைசிப் படியில் கைப்பிடிக் கம்பியைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள். துணிப்பட்டையில் ஓர் இடத்தில் ரத்தம் ஊறியிருந்தது.

"ஒண்ணுமில்லடி. நரம்பு ஒண்ணு கோவிச்சுக்கிச்சு."

"ஆஸ்பத்திரிக்குப் போ அக்கா."

"போனா படுன்னு சொல்லுவாங்க. படுத்தா இங்க சிவப்பு விழும். என்னை விடு, இன்னும் ரெண்டு ரூம் பாக்கி கிடக்கு."

தன் விரலால்தான் இது நடந்தது என்பதை ஆபரேட்டரால் ஜீரணிக்க முடியவில்லை. கம்ப்யூட்டர் அறைக்குப் போய் இழுப்பறைகளைக் குடைந்தாள். பழைய டப்பா ஒன்று, முன்பு எங்கிருந்தோ கழற்றியது, இன்னும் உயிரோடு இருந்தது. வேலை நேரம் முடிந்ததும் ஏணியை எடுத்துக்கொண்டு நாலாம் மாடிக்குப் போனாள். கூரைப் பலகையைத் தள்ளி, தூசியெல்லாம் தலையில் கொட்ட, வயரை லினன் ரூம் வரை இழுத்து, மேல் அலமாரிக்கு மேலே டப்பாவை மாட்டினாள். லேப்டாப்பில் அதை நெட்வொர்க்கில் சேர்க்கும்போது வழக்கம்போல அது ஒரு பெயர் கேட்டது. ஹோட்டலில் இருக்கிற எல்லா டப்பாக்களுக்கும் அதது இருக்கும் இடத்தின் பெயரைத்தான் வைத்திருந்தாள். இதற்கும் 'நாலாம் மாடி லினன் ரூம்' என்று எழுத்துப்பிழை இல்லாமல் அடித்தாள். அடித்துவிட்டு ஒருமுறை திருப்தியாகப் படித்தும் பார்த்தாள்.

மறுநாள் பெரியக்காவைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிவந்து காட்டினாள்.

"இனிமே தைரியமா இங்க காயப்போடு. உன் போனே பதில் சொல்லும். சிவப்பு விழாது."

"பொய் சொல்ல வேண்டாமா?"

"வேண்டாம். நிஜமாவே நீ ஹோட்டலுக்குள்ளதானே இருக்கே?"

"அடேயப்பா, நேர்மையாவே பொழச்சிடலாம் போலிருக்கே," என்று பெரியக்கா கம்பளியை விரித்தாள். படுத்துக் காலைச் சுவரில் சாய்த்ததும் அவள் வாயிலிருந்து நீளமாக ஒரு மூச்சு வந்தது. ஆபரேட்டர் கீழ் அலமாரியில் உட்கார்ந்து அவள் நெஞ்சின் மேல் கிடந்த போனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மடியிலிருந்த லேப்டாப்பில் ஏழாம் நம்பர் பச்சையாகவே நின்றது. அது பெரியக்காவின் போன்.

சில வாரங்கள் நன்றாகப் போயின. அந்த மாடியில் ஏதாவது வேலை இருந்தால் ஆபரேட்டர் லினன் ரூமில் எட்டிப் பார்ப்பாள். பெரியக்கா கூரையைப் பார்த்தபடி பழைய கதை பேசுவாள். "உன் பொண்ணு அந்த அலமாரி மேல மூணு செட் புதுத் துண்டை நனைச்சா தெரியுமா? நான் டீ கொட்டிட்டேன்னு சொல்லித் திட்டு வாங்கினேன்." அந்த மகள் இப்போது தூர தேசத்தில் வேலை பார்க்கிறாள். அவளிடம் இதைச் சொன்னால் நம்பமாட்டாள் என்று சொல்லி இரண்டு பேரும் சிரித்தார்கள். ரத்தக் கசிவு நின்று, காலில் வீக்கமும் கொஞ்சம் வடிந்திருந்தது.

மேனேஜர் தன் அறையில் பிரின்டர் வேலை செய்யவில்லை என்று கூப்பிட்டனுப்பிய அன்றைக்குத்தான் ஆபரேட்டர் அவருடைய திரையைப் பக்கத்திலிருந்து பார்த்தாள். போன் நம்பருக்குப் பக்கத்தில் பச்சை சிவப்பு மட்டுமில்லாமல் இன்னொரு கட்டமும் இருந்தது. பதில் எந்த டப்பா வழியாக வந்தது என்பது அதில் வரும். டப்பாக்களே பதில் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில் அந்தக் கட்டம் காலியாகக் கிடந்தது, யாரும் அதைக் கவனித்ததில்லை. இப்போது ஒவ்வொரு மத்தியானத்துக்கும் நேரே, வரி வரியாக, ஏழாம் நம்பர், நாலாம் மாடி லினன் ரூம்.

"நல்ல காரியம் செஞ்சீங்க மேடம்," என்றார் மேனேஜர், உண்மையான பாராட்டோடு. "நீங்க அங்க ஒரு டப்பா வைக்கலைன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது."

ஆபரேட்டரின் வாய் பழைய பழக்கத்தில் தானாகத் திறந்தது.

"அது நான் சார். டப்பாவை டெஸ்ட் பண்றதுக்கு அவங்க போனை நான்தான் வாங்கிட்டுப் போவேன். அவங்க ரூம்லதான் இருந்தாங்க."

மேனேஜர் கோபப்படவில்லை. இரண்டு தடவை தட்டினார். திரையில் முந்தின நாள் மத்தியானத்துக் கணக்கு வந்தது. ஆபரேட்டருக்கும் கம்பெனி போன் ஒன்று கொடுத்திருந்தார்கள். அது அந்த நேரத்தில் கம்ப்யூட்டர் அறையில் பச்சையாக இருந்தது.

"நீங்க கீழ இருந்திருக்கீங்க மேடம்."

"அவங்க காலு சரியில்ல சார். கொஞ்ச நேரம் காலைத் தூக்கி வச்சாத்தான் மிச்ச வேலை செய்ய முடியும். ஒரு ரூம்கூடப் பாக்கி வச்சதில்ல. வேணும்னா யாரை வேணா கேட்டுப் பாருங்க."

"ரூம் முடிச்சாங்களா இல்லையான்னு இதுல வராது மேடம். எங்க இருந்தாங்கன்னுதான் வரும்." அவர் குரலில் வருத்தம்கூட இருந்தது. "நான் யாரு என்னன்னு பாக்கறதில்ல. எல்லாரும் நம்பர்தான். அதுதானே நியாயம்? அவங்களை நிறுத்தச் சொல்லி லெட்டர் நேத்தே ஒப்பந்தக்காரருக்குப் போயாச்சு. நீங்க இதுல தலையிட வேண்டாம். உங்களுதும் புதுப்பிக்க வேண்டியிருக்கில்ல?"

ஆபரேட்டர் பிரின்டரைச் சரிசெய்தாள். காகிதத் தட்டு இரண்டு தடவை சரியாகப் பொருந்தவில்லை.

பெரியக்கா அறையைக் காலி செய்த அன்றைக்குக் காலையிலேயே ஆபரேட்டர் பின்வாசலுக்குப் போய் நின்றுகொண்டாள். வெளியே போகிற பைகளைச் சோதிக்கிறது காவலாளியின் வேலை. இத்தனை வருஷம் பழகிய காவலாளி, "மன்னிச்சுக்கங்க அக்கா, கேமரா இருக்கு," என்று சொல்லிவிட்டுத் துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து உதறிப் பார்த்தான். ஹோட்டல் துண்டு எதுவும் இல்லை. பெரியக்கா அவன் மேசையிலேயே அவற்றை மறுபடி மடித்தாள். பழைய புடவையைக்கூட விருந்தாளி அறைக்கு மடிப்பது போல, முனையோடு முனை சேர்த்து, உள்ளங்கையால் நீவி மடித்தாள்.

"எங்க போறே அக்கா?"

"தம்பி வீட்டுக்குத்தான். கூடத்துல ஒரு ஓரம் தரேன்னிருக்கான். காலை நீட்ட இடம் இருக்கான்னு போய்த்தான் பாக்கணும்."

"நான்தான் அக்கா," என்றாள் ஆபரேட்டர். அதற்கு மேல் அடக்க முடியாமல் அழுதாள். "அந்த டப்பாவுக்குப் பேரு எழுதினது நான்தான். நடை அப்படின்னு எழுதியிருந்தாலே போதும். யாருக்கும் தெரிஞ்சிருக்காது."

பெரியக்கா மடித்த துணிகளைப் பைக்குள் அடுக்கினாள்.

"உனக்குத்தான் எதுலயும் சீட்டு எழுதி ஒட்டாம இருக்க முடியாதே," என்றாள். பிறகு, பையின் ஜிப்பை இழுத்து மூடியபடி, "நீ வாய் கூசாமப் பொய் சொல்லிட்டிருந்தியே, அப்போ நாம எல்லாரும் எவ்வளவு நல்லா இருந்தோம்டி," என்றாள்.

வெளியே தெரு ஏற்றமாக இருந்தது. அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பாதி தூரத்தில் ஒரு கடைச் சுவரைப் பிடித்து நின்று, பிறகு நடந்தாள். தெரு திரும்பும் வரை ஆபரேட்டர் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மாதக் கடைசியில் ஆபரேட்டரின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. அதே வாரம் தலைமை அலுவலகத்து அம்மாள் போனில் வந்தார். ரிப்போர்ட்டில் ஏதாவது கேட்டால் சொல்வதற்காக ஆபரேட்டரையும் மேனேஜர் பக்கத்தில் உட்காரவைத்திருந்தார். வாரா வாரம் தலைமை அலுவலகத்துக்குப் போகிற ரிப்போர்ட்டில் டப்பாக்களின் பெயரெல்லாம் வராது. நம்பரும், நம்பருக்கு நேரே பச்சையும் சிவப்பும் மட்டும்தான். வரிசைக்கு வரிசை சிவப்பு விழுந்து எலி கடித்த துணியாகக் கிடந்தது.

"ஏன் இவ்வளவு சிவப்பு?" என்றது ஸ்பீக்கரில் குரல். "வேலை நேரத்துல எங்க போறாங்க எல்லாரும்?"

"கவனிச்சிட்டிருக்கோம் மேடம். ஆக்‌ஷன் எடுத்திருக்கோம்."

"ஒருத்தர் மட்டும் எப்படி இவ்வளவு கரெக்டா இருக்காங்க? இந்த ஏழாம் நம்பர். ஒரு சிவப்புகூட இல்லையே."

மேனேஜர் திரையைப் பார்த்தார். பிறகு மெல்லத் தலையைத் திருப்பி, நாற்காலிக்குப் பின்னால் இருந்த சார்ஜர் ஸ்டாண்டைப் பார்த்தார். புது ஆள் வருகிறவரைக்கும் ஏழாம் நம்பர் போன், துடைத்துச் சுத்தமாக, அதில் நின்றுகொண்டிருந்தது. ஆபரேட்டரும் அதைத்தான் பார்த்தாள்.

"லைன்ல இருக்கீங்களா? யாரு அவங்க?"

"நம்ம ஸ்டாஃப்தான் மேடம்," என்றார் மேனேஜர்.

"இப்பவும் டியூட்டியிலதான் இருக்காங்களா?"

"இருக்காங்க மேடம்."

"அப்படித்தான் இருக்கணும். மத்தவங்களுக்கு அவங்களைக் காட்டி ஒரு வார்த்தை சொல்லுங்க."

"சரிங்க மேடம். சொல்லிடறேன்."

ஸ்டாண்டில் ஏழாம் நம்பர் போன் சார்ஜ் நிரம்பிக் கதகதப்பாக இருந்தது. கீழே சர்வர் கேட்டபோதெல்லாம் அது ஒரு தடவைகூடத் தவறாமல் பதில் சொல்லிக்கொண்டிருந்தது.